சைக்கிள் பாதை வலையும் அதற்குரிய பொருளும்

துவிசக்கர வண்டி என்னும் சைக்கிளைப்பற்றிப் புதிதாய்க் கூற வேண்டுவது யாதுளது என்று நேயர் வினவலாம். அதனை ஒருகாலும் ஏறி ஓட்டாதார் நம்முள் மிகச் சிலரே. எனினும், அவ்வண்டி செல்லுதற்குரிய பாதைகளை ஒரு நகரசபை எங்ஙனம் வகுத்தல் வேண்டும், அதற்குரிய பொருளை எவ்விடத்திருந்து பெறுதல் வேண்டும், பெற்ற பொருளை எம்முறையிற் செலவிடின் பயன் விளையும் என்னும் வினாக்கள் அத்துணை எளியன அல்ல. இவற்றிற்கு ஹாலந்து தேசத்தார் பல்லாண்டுகள் பொருளும் காலமும் செலவிட்டே விடை கண்டனர். பின்னர் ஸ்பெயின் தேசத்து ஸெவில் நகரத்தார், அவ்விடை பிறிதோரிடத்தும் பொருந்துமென்பதை நான்கைந்து ஆண்டுகளில் மெய்ப்பித்தனர். அவ்வரலாறுகளையும் அவற்றினின்று பெறப்படும் முறையையும் ஈண்டு இயன்றவரை விளக்குவோம்.

பொருளைப்பற்றிய செய்தியை முதலிற் கூறுவோம். 1924-ஆம் ஆண்டில் டச்சு சர்க்கார் சைக்கிளுக்கு வரி விதித்தது. வண்டியொன்றுக்கு ஆண்டிற்கு மூன்று கில்டர். வரி செலுத்தியதற்கு அடையாளமாகச் சிறு உலோகத் தகடு ஒன்று தரப்பட்டது. அதனை வண்டியிற் பிணைத்துக்கொண்டே செல்லல் வேண்டும். வேலையற்ற ஏழைகளுக்குத் தகடு இலவசமாய்க் கிடைத்தது. ஆனால் அதன் நடுவே ஒரு துளை இடப்பட்டிருந்தது. துளைத் தகடு உடையோர் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி ஓட்டலாகாதென்று விதியும் இருந்தது. பிழைப்புத் தேடிச் செல்லலாம், உலாவச் செல்லலாகாது என்பது அதிகாரிகளின் கருத்துப்போலும்! இவ்வரிப் பணம் முதலிற் சர்க்காரின் பற்றாக்குறையை நிரப்புதற்கும், பின்னர்ச் சாலை நிதிக்கும் சென்றது. சில சாலைகளின் ஓரத்தே சைக்கிள் பாதைகள் அமைந்தன என்பது உண்மையே. எனினும் அந்நிதியின் பெரும்பகுதி மோட்டார் வண்டிகள் விரைந்து செல்லுதற்குரிய பெருஞ்சாலைகளிலேயே கரைந்தது. 1941-இல், ஜெர்மானியர் அந்நாட்டைக் கைப்பற்றியிருந்த காலத்தில், இவ்வரி நீங்கிற்று. நம் நாட்டு நகரசபைகளும் முற்காலத்தில் சைக்கிளுக்கு வில்லை கொடுத்து வரி வாங்கியதை முதியோர் அறிவர். அவ்வில்லைப் பணத்தில் சைக்கிளுக்கென்று ஒரு பாதையேனும் அமைந்ததாக எவரும் கூறக் கேட்டிலேம். ஓட்டுவோரிடம் பணம் பெறுவது வேறு. அவர்க்கெனத் திட்டம் வகுப்பது வேறு. முன்னது இருந்தால் பின்னது தானே வருமென்று எண்ணுதற்கில்லை.

ஹாலந்தைக் குறித்துப் பலரும் கூறும் காரணம் ஒன்றுண்டு. அது மேடுபள்ளமில்லாத சமதரை நாடு. ஆதலின் அங்குள்ளார் சைக்கிள் ஏறுவது இயற்கையே என்பர். இது பாதி உண்மை. தரை என்றும் சமமாகவே இருந்தது; ஆயினும் 1950-க்கும் 1970-க்கும் இடைப்பட்ட காலத்தில் அதே சமதரையில் சைக்கிளோட்டுவோர் தொகை விரைந்து குன்றியது. மோட்டார் வண்டிகள் பெருகின; அவற்றிற்கு இடம் வேண்டி நகரங்களின் பழைய தெருக்கள் அகலப்படுத்தப்பட்டன. 1971-ஆம் ஆண்டில் மட்டும் அச்சிறு நாட்டுச் சாலைகளில் ஏறக்குறைய 3,300 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நானூற்றுவர்க்கு மேற்பட்டோர் குழந்தைகள். தம் மகளை இங்ஙனம் இழந்த விக் லாங்கன்ஹாவ் என்னும் பத்திரிகையாளர் 1972-இல் ஒரு கட்டுரை எழுதினார். ‘குழந்தைக் கொலையை நிறுத்துக’ என்பது அதன் தலைப்பு. அத்தலைப்பே பின்னர் ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார் குழந்தைகளோடு தெருவில் அமர்ந்து வண்டிகளை மறித்தனர். 1973-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அராபிய நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியதன் விளைவாக, ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டுதல் தடை செய்யப்பட்டது. பெருஞ்சாலைகளிற் குழந்தைகள் சக்கரச் செருப்பணிந்து விளையாடியதைக் கண்ட மக்கள், தெரு என்பது வேறு விதமாகவும் இருக்கக் கூடும் என்பதைக் கண்ணாரக் கண்டனர். துயரமும் எண்ணெய்ப் பஞ்சமும் ஒருங்கே கூடியபோதுதான் மந்திரிசபை பணப்பையின் வாயைத் திறந்தது.

திறந்த பணத்தை எங்கே இடுவது? இங்கேதான் நம் விஷயத்தின் மையம் உளது. முதலில் மத்திய சர்க்கார் ஹேக், டில்பர்க் என்னும் இரு நகரங்களைத் தெரிந்தெடுத்து, 1975 முதல் அவ்விரண்டிலும் மாதிரிப் பாதைகள் அமைக்கப் பணம் தந்தது. ஒவ்வொரு நகரத்திலும் சீரிய பாதை அமைந்தது: அகன்றது, வழவழப்பான தளம் உடையது, மோட்டார்களினின்று பிரிக்கப்பட்டது. ஹேக் நகரத்துக் கடைக்காரர் பலர், தம் வாயிலில் வண்டி நிறுத்தும் இடம் போயிற்றென்று கடுமையாக எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பையும் மீறிப் பாதை முற்றுப்பெற்றது. பின்னர் ஆராய்ச்சி நிகழ்ந்தது. அப்பாதையின்மேற் செல்லும் சைக்கிள்களின் தொகை மிக உயர்ந்திருந்தது, அனைவரும் மகிழ்ந்தனர். ஆனால் நகரம் முழுதையும் எண்ணிப் பார்த்தபோது, சைக்கிளிற் செல்லும் பழக்கம் அத்துணை பெருகவில்லை. அயல் தெருக்களில் முன்பு சென்றவர்களே பெரும்பாலும் நல்ல பாதைக்கு மாறி வந்திருந்தனர். புதிதாய்ச் சைக்கிள் ஏறினோர் சிலரே.

ஏன் இங்ஙனம் நேர்ந்தது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு நகரில் பத்துப் பேட்டைகள் உளவெனக் கொள்வோம். எந்தப் பேட்டையிலிருந்தும் வேறெந்தப் பேட்டைக்கும் செல்ல வேண்டியவர் இருப்பர். அங்ஙனம் அமையக்கூடிய இணைகள் 45. இரண்டு பேட்டைகளை மட்டும் இணைக்கும் பாதை எத்துணைச் சிறந்ததாயினும் அந்த 45-இல் ஒன்றற்கே முற்றும் பயன்படும். தனித்தனியே ஐந்து பாதைகள் இட்டாலும், அவை தம்முள் தொடாவிடின், பயன்பெறுவன ஐந்து இணைகளே. ஆனால் பத்துப் பேட்டைகளும் ஒரே வலையில் இணைந்துவிடின் 45 இணைகளும் ஒருங்கே திறக்கப்படுகின்றன. பாதையின் நீளம் இருமடங்கானால் பயன் அதனினும் பன்மடங்காகும் என்பதே இதன் பொருள்.

மற்றொன்றும் உண்டு. ஒரு தாய் தன் பன்னிரண்டு வயது மகளைச் சைக்கிளிற் பள்ளிக்கு அனுப்பலாமா என்று எண்ணுங்கால், வழியின் ஒன்பது பங்கு நன்றாயிருத்தலைக் கருதுவதில்லை. லாரிகள் திரும்பும் அந்த ஒரு நாற்சந்தியையே கருதுவாள். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியளவே. அந்த நாற்சந்தியைச் செப்பம் செய்யாது, எஞ்சிய வழிக்கெல்லாம் சலவைக்கல் பதித்தாலும் அப்பெண் வீட்டிலிருந்து புறப்படப் போவதில்லை. பின்னர் அதிகாரிகள் வெறும் பாதையைப் பார்த்து, ‘நாம் பாதை அமைத்தும் மக்கள் வரவில்லையே’ என்பர். அடுத்த ஆண்டுப் பணமும் நின்றுபோம். துண்டு துண்டாய்க் கொடுத்த பணம் துண்டு துண்டான பாதைகளாகி, அத்துண்டுகளின் தோல்வியே மேற்கொண்டு பணம் மறுப்பதற்குச் சான்றாகி விடுகின்றது. உலகெங்கும் நகரசபைகள் இவ்வட்டத்திற் சுழன்றுள்ளன.

இவ்வட்டத்தை உடைக்க முனைந்தது டெல்ப்ட் நகரம். அது ஹேக், ரோட்டர்டாம் என்னும் இரு பெருநகரங்களுக்கு இடையே உள்ளது. அக்காலத்தில் அதன் மக்கள் ஏறக்குறைய 85,000 பேர். பழைய ஊரின் ஒருபுறம் புகைவண்டிப் பாதையும், மறுபுறம் படகுகள் செல்லும் அகன்ற வாய்க்காலும் அதனைப் பிளந்தன. அவ்வாய்க்காலுக்கு அப்பால் இருந்தது பெரிய பொறியியற் கல்விச்சாலை. நாள்தோறும் ஆயிரக்கணக்கான மாணவர் நீரைக் கடந்தே பாடத்திற்குச் செல்ல வேண்டியிருந்தது. அந்நகரசபை 1979-இல் ஒரு திட்டத்தை ஏற்றுக்கொண்டது. தனிப்பாதை ஒன்றன்று, நகர் முழுதும் தழுவிய வலையே வேண்டும் என்பது அத்திட்டத்தின் உட்கருத்து. மத்திய சர்க்காரும் இதனை ஒரு சோதனையாகக் கருதி, செலவின் பெரும்பாலான பகுதியைத் தான் ஏற்றது. 1980-களின் நடுப்பகுதிக்குள் வலையின் பெரும்பகுதி அமைந்தது.

அவ்வலை மூன்று தரமாக வகுக்கப்பட்டது. முதலாவது, நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செல்லும் பெருவழிகள். இவை ஏறக்குறைய 500 மீட்டருக்கு ஒன்றாக, நெடுக்கும் குறுக்குமாய்ச் செல்லும். இங்ஙனம் அமையின் நகரிலுள்ள எவ்வீடும் ஒரு பெருவழியினின்று ஏறக்குறைய 250 மீட்டருக்கு மேல் விலகியிராது. இரண்டாவது, பேட்டைகளுக்குள் பள்ளி, கடை முதலியவற்றை இணைக்கும் நடுத்தர வழிகள். இவை 200 முதல் 300 மீட்டர் இடைவெளியில் அமையும். மூன்றாவது, வீட்டு வாயிலைத் தொடும் சிறு தெருக்கள். ஏறக்குறைய 100 மீட்டர் இடைவெளி. சிறுவர் சைக்கிள் பழகுவது இம்மூன்றாம் தரத்தில். பெரிய ஆற்றுக்குக் கால்வாயும், கால்வாய்க்கு வாய்க்காலும், வாய்க்காலுக்கு மடையும் எங்ஙனமோ அங்ஙனமே இதுவும். மடையில்லாத கால்வாய் வயலை நனைக்காது.

வலை வகுக்க விரும்புவோர் செய்ய வேண்டுவது யாதெனில், முதலில் நகரத்தின் படத்தை விரித்து, மக்கள் புறப்படும் இடங்களையும் சேரும் இடங்களையும் புள்ளிகளாகக் குறித்தல். குடியிருப்புகள் முன்னவை, பள்ளி, கல்லூரி, சந்தை, ஆலை, ரயிலடி, மருத்துவசாலை ஆகியன பின்னவை. பின்பு இவற்றை நேர்கோடுகளால் இணைத்தல் வேண்டும். அந்நேர்கோட்டிற்கு மிக அண்மையில் எத்தெரு உளதோ அதுவே வழியாகத் தக்கது. சுற்றுவழி கூடாது. மோட்டாரிற் செல்வோனுக்குச் சுற்றுவழி எண்ணெய்ச் செலவு. சைக்கிளிற் செல்வோனுக்கோ முழங்காற் செலவு. நகரின் அழகிய ஏரிக்கரையைச் சுற்றி ஒரு பாதை அமைத்துத் திறப்பு விழா நடத்துவது எளிது. ஆனால் ஏரிக்கரை எவரையும் வேலைக்குக் கொண்டு சேர்ப்பதில்லை. நேர்கோடு எங்கே இருப்புப்பாதையையோ ஆற்றையோ பெருஞ்சாலையையோ வெட்டுகின்றதோ, அங்கே பாலமோ சுரங்கவழியோ சந்திப்புச் சீர்திருத்தமோ வேண்டும். செலவு மிகுவதும் அவ்விடங்களிலேயே.

இனி, வழி செல்லும் ஒவ்வொரு தெருவிலும் தனிப்பாதை வேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. வண்டிகள் குறைவாய், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திற்குள் செல்லும் தெருவில் சைக்கிளும் மோட்டாரும் கலந்தே செல்லலாம். சிற்சில மேடுகளும் வளைவுகளும் இட்டு வேகத்தைக் குறைத்தலே போதும். ஊடுருவிச் செல்லும் மோட்டார்கள் நுழையாதபடி தெருவின் ஒரு முனையில் நான்கு கல்தூண்கள் நட்டுவிட்டால், ஒரு சதுர அடி நிலமும் வாங்காது நல்ல சைக்கிள் வழி கிடைத்துவிடும். வேகமும் கூட்டமும் மிக்க சாலையிலோ, வெள்ளைக் கோடு மட்டும் இழுத்து விடுதல் ஏமாற்று வித்தையே. அங்கே உயர்ந்த விளிம்புக்கல்லால் பிரிக்கப்பட்ட தனிப்பாதை அமைத்தல் வேண்டும். எனவே பணத்தைத் தெருக்களின் நீளத்திற்கு ஏற்பச் சமமாய்ப் பங்கிடுதல் பொருந்தாது. நீண்ட சிறு தெருக்களுக்குச் சிறிதளவும், குறுகிய சில தடையிடங்களுக்குப் பெரும்பகுதியும் செல்லல் வேண்டும். வட்டந்தோறும் இவ்வளவு என்று உறுப்பினர்களுக்குள் பிரித்துக்கொள்ளும் நகரசபையில் வலை பிறவாது.

டெல்ப்ட் நகரில் வலை அமைவதற்கு முன்னும் பின்னும் கணக்கெடுத்தனர். நகரில் நிகழும் பயணங்களில் சைக்கிளின் பங்கு நூற்றுக்கு 40-இலிருந்து 43 ஆயிற்று. மூன்றுதானா என்று நேயர் முகஞ்சுளிக்க வேண்டா. முன்னரே நூற்றுக்கு நாற்பது இருந்த இடத்தில் கிடைத்த மூன்று அது. அன்றியும், மோட்டார்ப் பயணம் பிறவிடங்களிற் பெருகி வந்த அவ்வாண்டுகளில் இங்கே அது பெருகாது நின்றது. ஒரு தனிப்பாதையாற் கிட்டாத பயன் வலையாற் கிட்டியது என்பதே கருதத் தக்கது.

ஆயினும் எதிர்வாதம் ஒன்று எஞ்சி நின்றது. ‘ஹாலந்தில் யாவரும் முன்னரே சைக்கிளோட்டுவோர்; அப்பழக்கம் அற்ற ஊரில் வலை அமைத்தால் யார் வருவர்?’ என்பதே அது. இதற்கு ஸெவில் விடையளித்தது. தென் ஸ்பெயினில் ஏறக்குறைய ஏழு இலட்சம் மக்கள் வாழும் நகரம் அது. கோடையில் வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடைக் கடப்பது அங்கே புதிதன்று. நகரப் பயணங்களில் சைக்கிளின் பங்கு இருநூற்றில் ஒன்று என்னும் அளவிலேயே இருந்தது. 1987 முதலே சைக்கிளோட்டுவோர் சங்கம் ஒன்று அங்குப் பாதை கேட்டுப் போராடி வந்தது, கேட்பாரில்லை. 2003-ஆம் ஆண்டுத் தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாமையால், சோஷலிஸ்டுக் கட்சி இடதுசாரிக் கூட்டணி ஒன்றோடு சேர்ந்து ஆள வேண்டியதாயிற்று. அக்கூட்டணியார் நகரமைப்புத் துறையைப் பெற்று, சைக்கிள் திட்டத்தை ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனையாக்கினர். மக்களைக் கேட்டபோது நூற்றுக்கு ஏறக்குறைய தொண்ணூற்றுவர் அத்திட்டத்தை ஆதரித்தனர்.

அவர்கள் செய்த அறிவுடைய செயல் யாதெனில், ஆண்டுக்கு ஐந்து கிலோமீட்டர் என்று தொடங்காது, ஏறக்குறைய 80 கிலோமீட்டர் அடிப்படை வலையை ஒரே மூச்சில் அமைத்தமையே. 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் நகரம் எங்கும் ஒருங்கே வேலை நடந்தது. வண்டிகள் நிற்குமிடங்கள் ஏறக்குறைய 5,000 நீக்கப்பட்டன. பாதை நடைமேடையின் மட்டத்திற்கு உயர்த்தப்பட்டுப் பச்சை நிறம் பெற்றது; ஒரே பாதையில் இருதிசையும் செல்லுமாறு அமைக்கப்பட்டமையால் இடமும் செலவும் மிச்சமாயின. அகலம் பல இடங்களிற் போதாதென்பதும், நடப்போரோடு உரசல் நேர்கின்றதென்பதும் உண்மையே. குறையுள்ள முழுவலை, குறையற்ற துண்டுப் பாதையினும் மேலென்று அவர்கள் துணிந்தனர். அத்துணிவு சரியென்றே நாம் எண்ணுகின்றோம். 2007-இல் வாடகைச் சைக்கிள்களும் வந்தன. 2010-க்குள் வலை 120 கிலோமீட்டர் ஆயிற்று. மொத்தச் செலவு ஏறக்குறைய 3 கோடியே 20 இலட்சம் யூரோ. அதாவது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2 இலட்சத்து 70 ஆயிரம். பெருஞ்சாலை அமைப்போர் இத்தொகையைச் சில்லறை என்றே கருதுவர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 6,000 ஆக இருந்த சைக்கிள் பயணங்கள் சில ஆண்டுகளில் 70,000 அளவிற்கு உயர்ந்தன.

2011-இல் வேறு கட்சி ஆட்சிக்கு வந்தபின் சைக்கிளுக்கான செலவு சுருங்கிற்று, வளர்ச்சியும் தளர்ந்தது. எனினும் பாதைகள் மறையவில்லை. அவை சாயக்கோடுகளாய் இருந்திருப்பின் ஓரிரவில் அழிந்திருக்கும். கல்லும் காரையுமாய் நடைமேடையோடு ஒன்றிப் போனமையால் பெயர்த்தெடுக்கத் தனிச்செலவு வேண்டும், அதனை எவர் செய்வர்?

நம் நாட்டிற்கு வருவோம். சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்போர், சைக்கிளோட்டுவோர் நலன் கருதி ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கென ஒதுக்கும் பணத்தில் நூற்றுக்கு அறுபதேனும் அவர்க்குரிய வசதிகளுக்குச் செல்லல் வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. இந்திய நகரங்களுள் இத்தகைய கொள்கையை முதலில் வகுத்தவற்றுள் ஒன்று சென்னை என்பது நாம் பெருமை கொள்ளத் தக்கதே. அதன்பின் அகன்ற நடைமேடைகள் பல தெருக்களில் அமைந்தன. சைக்கிளுக்குரிய இணைந்த வலையோ அங்ஙனம் எழவில்லை. காரணம் காண்டல் அரிதன்று. நடைமேடையைத் தெருத்தெருவாய் அமைத்தாலும் அத்தெருவினர்க்கு அன்றே பயன் உண்டு. சைக்கிள் வலையோ முழுமை பெறும்வரை பயனை மறைத்தே வைக்கும். பங்கு இவ்வளவு என்று வகுத்தாற் போதாது. அப்பங்கை எக்கோடுகளில், எவ்வரிசையில், எத்தனை ஆண்டுகளுக்குள் இடுவது என்னும் படமும் உடன் வேண்டும். படமின்றி ஒதுக்கிய பணம் ஆண்டிறுதியில் எக்குழி அருகில் உளதோ அதில் விழும்.

அப்படத்தின் முதற்பகுதிக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. வேலை நாள் ஒன்றில், காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை, ஊரின் பாலங்கள், ரயில்வே கதவுகள், பெரிய நாற்சந்திகள் ஆகிய ஒவ்வோரிடத்தும் இருவர் நின்று எண்ணுதல் போதும். ஒருவர் எத்திசையில் எத்தனை சைக்கிள்கள் செல்கின்றன என்று குறித்தல் வேண்டும். மற்றவர், அவற்றுள் பெண்கள் எத்தனை பேர், பதினான்கு வயதிற்குட்பட்டோர் எத்தனை பேர், இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வோர் எத்தனை பேர் என்று குறித்தல் வேண்டும். பெண்களும் சிறுவரும் திடீரெனக் குறையும் இடம் எதுவோ, மக்கள் இறங்கித் தள்ளும் இடம் எதுவோ, அதுவே வலையின் அறுந்த கண்ணி. நாற்பது மாணவர் சேர்ந்தால் இருபது இடங்களை ஒரே காலையில் எண்ணிவிடலாம். மழைநாளும் பரீட்சை நாளும் தவிர்த்து மூன்று முறை எண்ணினால் நகரசபையார் முன் வைக்கத் தக்க கணக்கு ஆகும்.